டிசம்பர் பூக் குச்சி

ஆவணி மழையில், திண்டிவனத்துத் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த நீல டிசம்பர் பூக் குச்சிகளை அம்சா விழுப்புரத்துக் கிணற்றடியில் நட்டாள். மாமியார் தைலம்மாள் விடிந்ததும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பக் குத்திவைப்பாள்.

“புடுங்காதீங்க அத்தே, தானா வரும்.”

“வேரு வுடாததுக்கு எதுக்குடி தண்ணி ஊத்திக்கினு கெடக்குற?”

அம்சா குச்சிகளைச் சுற்றி மண்ணை அணைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து, அவள் மாதாமாதம் தூரமாகும்போதெல்லாம் அந்தக் கண்கள் அவள் வயிற்றையும் இப்படித்தான் தோண்டின.

குச்சிகள் கருகிப்போயின. பிள்ளை இல்லையென்று மார்கழியில் அவளையும் தாய்வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

அங்கே குப்பைமேட்டில், ஆவணியில் குச்சி வெட்டியபோது அவள் கழித்து வீசிய துண்டுகள் வேர்பிடித்து நீலமாகப் பூத்திருந்தன. தலையில் வைத்துவிட அம்மா பறிக்கப் போனாள்.

“வேணாம்மா,” என்றாள் அம்சா. “அத யாரும் தொடாதீங்க.”