கேட்டது கேட்டபடி

எங்கள் சபையில் ஒரு விதி உண்டு. மறைந்த குருவின் பேச்சைப் பழைய கேசட்டிலிருந்து கேட்டு எழுதுகிறவர், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘கேட்டது கேட்டபடி’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது இல்லாத பக்கம் அச்சுக்குப் போகாது. குருவே போட்ட விதி. பதினோரு வருடமாக அந்த வேலை என்னுடையது.

அன்று காலை செயலாளர் நான் எழுதிய பக்கம் ஒன்றை என் மேசையில் வைத்தார். ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்து, மேலே வேறொன்றை எழுதியிருந்தார்.

அந்தப் பக்கத்தில் கேள்வி கேட்பவள் என் அம்மா. அண்ணன் லாரியில் அடிபட்டுச் செத்த மூன்றாம் நாள், குருவின் கூட்டத்தின் நடுவே எழுந்து, “எம் புள்ள இப்ப எங்க இருக்கான்?” என்று கேட்டாள். கேசட்டில் அடுத்து குருவின் குரல்: “தெரியலம்மா.”

அதன் மேல் சிவப்பு மையில் இருந்தது, ‘அவன் பேரொளியில் கலந்துவிட்டான்.’

“குருவுக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இருக்கலாமா? படிக்கிறவன் என்ன நினைப்பான்? இதையே எழுதிக் கையெழுத்தப் போடுங்க.”

“அவரே தெரியலன்னுதான சார் சொன்னாரு. அவர விட உங்களுக்கு அதிகம் தெரியுமா?”

“ஒரு ஆறுதலுக்குத்தாம்மா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் செத்தபோது ஆறுதல் சொல்ல ஊரே திரண்டு வந்தது. பேரொளி, சொர்க்கம் என்று ஆளாளுக்கு நேரில் பார்த்த மாதிரி அளந்துவிட்டுப் போனார்கள். அம்மா பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. கூட்டத்திலிருந்து திரும்பி வந்தவள்தான், “இவரு ஒருத்தராவது எங்கிட்ட பொய் சொல்லல,” என்று தட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

பேனாவை எடுத்தேன். செயலாளர் முகம் மலர்ந்தது. புதிய தாளில் அந்தக் கேள்வியையும் ‘தெரியலம்மா’வையும் எழுதி, அடியில் கையெழுத்திட்டு நீட்டினேன்.

அவர் அதைத் தொடவில்லை. “நாளைலேருந்து நீங்க வர வேண்டாம். எழுத வேற ஆளா கிடைக்காது?”

கேசட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

“தாராளமா வேற ஆள வைங்க சார். வர்றவங்களுக்கும் காது இருக்கும்.”