நீலகை

அப்பாவுக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். கால்பந்துக் கிளப் திறக்கப்போகும் வரலாற்றுக் கூடத்தில், ‘நீலகை’ என்ற பட்டப்பெயர் எப்படி வந்தது என்று சொல்லும் பலகையில், தன் பெயர் ஒரு மூலையில் இருக்க வேண்டும். சாயப்பட்டறையில் ஆயுசைக் கொட்டிய மனுஷனுக்கு வேறு சொத்து சுகம் கிடையாது. மகள் தையல் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு அவரைக் கூட்டிப் போனாள்.

கதை அவளுக்கு மனப்பாடம். பட்டறைத் தொழிலாளிகள் சேர்ந்து ஆரம்பித்த அணி அது. முதல் ஆட்டத்தன்று காலையில்தான், ஆளுக்கொரு நிறத்தில் பனியன் இருப்பது அவர்களுக்கு உறைத்தது. இளவட்டமாக இருந்த அப்பா, வெள்ளைப் பனியன்களைத் தேடிப்பிடித்து, தொட்டியில் மிஞ்சிய நீலத்தில் முக்கி எடுத்தார். சாயம் நிற்க வேண்டுமென்றால் உப்புநீரில் ஊறப்போட வேண்டும். அதற்கு நேரமில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பாதி ஆட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. விளையாடியவர்கள் கையெல்லாம் நீலம், அவர்களைப் பிடித்து இழுத்த எதிரணிக்காரர்கள் கையும் நீலம். தோற்றுப்போன எரிச்சலில் எதிரணிக்காரன் எவனோ மைதானச் சுவரில் கரியால் ‘நீலகை’ என்று கிறுக்கினான். நடுவில் ஒரு ‘க்’ வரவேண்டும் என்பது அந்தப் புண்ணியவானுக்குத் தெரியவில்லை. கிண்டல் பிழையோடு ஒட்டிக்கொண்டது. உப்பில் போடாமலே நின்ற சாயம் அது ஒன்றுதான் என்று சொல்லி அப்பா சிரிப்பார்.

கிளப் இப்போது பட்டறை முதலாளியின் பேரன் கையில். அவருடைய நிர்வாகி தங்கமான மனுஷன் மாதிரித்தான் இருந்தார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், பலகையையும் காட்டினார். அதில் இருந்ததோ வேறு கதை: பேரனின் தாத்தா, பெரிய முதலாளி, நீலக் கையுறையோடு வந்து முதல் பந்தை உருட்டினாராம். ‘க்’ இல்லாமல் எழுதுவதும் அவர் யோசனையாம், பார்க்க லட்சணமாக இருக்கும் என்று. மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடந்ததைச் சொல்லும்படி அப்பாவின் தோளைத் தொட்டாள்.

அப்பா இருமி இருமி முழுக்கதையையும் சொன்னார். நிர்வாகி ரசித்துத்தான் கேட்டார். பேனாவைக்கூட எடுத்துவிட்டார். பிறகு, போகிற போக்கில் ஒரு கேள்வி.

“சாயம் பட்டறையோடதுதானே? முதலாளிகிட்ட கேட்டுட்டு எடுத்தீங்களா?”

கைத்தாங்கல் இல்லாமல் எழ முடியாத அப்பா எழுந்து நின்றுவிட்டார். கைகள் தாமாக முதுகுக்குப் பின்னால் போயின. பட்டறைப் பொருளில் கை வைத்தவனுக்கு அன்றே சீட்டுக் கிழியும். எத்தனையோ பேருக்குக் கிழிந்ததைக் கூடவே நின்று பார்த்தவர் அவர்.

“நான் எதையும் தொடலைங்க. வயசாயிடுச்சு, ஏதோ உளறிட்டேன். நீங்க எழுதியிருக்கிறதுதான் சரி.”

அதையெல்லாம் இப்போது யாரும் கேட்கமாட்டார்கள் என்று மகள் மன்றாடிப் பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை. நிர்வாகி சங்கடத்தோடு பேனாவை மூடினார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார வைத்த பிறகு அப்பா மெதுவாகக் கேட்டார்.

“நான் எடுக்கலைன்னு அவர் நம்பிட்டாராம்மா?”

“நம்பிட்டாருப்பா.”

அப்பாடா என்று அவர் தலையணையில் சாய்ந்தார். மகள் அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.