ஆறு ஆணி

ஆலங்கட்டி மழை விட்ட மறுநாள் காலை அவள் போன் செய்வாள். நானும் அவளும் பிரிந்த நாலு வருடத்தில் ஒன்பது முறை. "கூரை போச்சு, வந்து பாருங்க." அவ்வளவுதான் பேச்சு. நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போவேன். கூரை போடுவதுதான் என் பிழைப்பு. ஊரில் வேறு ஆட்கள் இல்லாமல் இல்லை. அவர்களை அவள் கூப்பிட்டதில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காலம் தள்ளியிருக்கிறேன். வானம் கறுத்தால் தெருவே திட்டும். எனக்கு மட்டும் நல்ல சட்டையைத் துவைத்துப் போடத் தோன்றும்.

இந்த முறை பாதிக் கூரை போயிருந்தது. ஒட்டுப்போட்டுப் பயனில்லை, மொத்தமாக மாற்ற வேண்டும். மகளின் கட்டில் அறையின் நனையாத ஒரே மூலையில் குறுக்காகக் கிடந்தது. பள்ளிப் புத்தகங்களெல்லாம் பிளாஸ்டிக் பைக்குள்.

"சத்தத்த வச்சே எங்க ஒழுகுதுன்னு சொல்லிடுவேன்ப்பா," என்றாள் பெருமையாக. பதினோரு வயது.

வண்டியில் இரண்டு மாதிரி இருந்தன. ஒன்று ஓடு மாதிரி வரிசையாக ஆணியடிக்கும் வழக்கமான தார்த் தகடு, ஷிங்கிள்; மற்றது ரப்பர் கலந்தது. முதலாவதைப் போட்டால் நாலைந்து புயலில் மறுபடி போன் வரும். அதை மட்டும் காட்டியிருந்தால் அவள் ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள். இரண்டையும் முற்றத்தில் போட்டேன். ஏணி உச்சியிலிருந்து எலுமிச்சை அளவு இரும்புக் குண்டை ஒவ்வொன்றின் மேலும் விட்டேன். வழக்கமானதைத் திருப்பினால் முதுகு நெடுக விரிசல். மற்றதில் லேசான தழும்பு, அவ்வளவுதான்.

"எத்தன வருஷம் வரும்?" என்றாள் மகளின் அம்மா.

"முப்பது. காத்துக்கும் பிச்சுக்காது."

"அப்ப எனக்கு எழுபது ஆயிடும்."

நான் குண்டைத் துடைத்துப் பையில் போட்டேன்.

"உங்க பொழப்புல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்குறீங்க."

"புதுசா என்ன?"

சிரித்துவிட்டாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதையே போடுங்க," என்றாள்.

மூன்று நாள் வேலை. ஒரு ஷிங்கிளுக்கு நாலு ஆணி வழக்கம், காற்று அதிகமுள்ள வீட்டுக்கு ஆறு. ஒன்றுவிடாமல் ஆறு அடித்தேன். கீழே மகள் கட்டிலைப் பழைய இடத்துக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. எனக்கு இனி இங்கே வர வேறு காரணம் கிடையாது. ஒன்றிரண்டு யோசித்துப் பார்த்தேன். எதுவும் எனக்கே நம்பும்படி இல்லை.

கடைசி நாள் மாலை முகட்டு வரிசையும் முடிந்தது. மேற்கே வானம் ஈயம் போல இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வெளியே வந்து ஏணியை இரு கையாலும் பிடித்தாள்.

"இருட்டிக்கிட்டு வருது. எறங்குங்க."

"இன்னும் ரெண்டு ஆணி இருக்கு."

இடுப்பிலிருந்த ஆணிப் பை காலியாகி நேரமாகியிருந்தது. அவள் ஏணியை விடாமல் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். முதல் ஆலங்கட்டி என் கைக்குப் பக்கத்தில் விழுந்து, எகிறி, புதுக் கூரையின் சரிவில் உருண்டு அவள் பக்கம் போயிற்று.