வார்னிஷ்

மேசையில் இன்ஜினை மல்லாத்தி வைத்து அடித்தட்டின் திருகுகளைக் கழற்றியபோது எனக்குத் தம்பி மேல்தான் கோபம். அப்பா பித்தளையில் தன் கையால் செய்த பொம்மை ரயில் இன்ஜின் அது, முழங்கை நீளம். நாற்பத்தோரு வருடமாகக் கண்ணாடி அலமாரியில் ஓடாமல் நிற்கிறது. போன வாரம் தம்பி மகள் தன் புதுக் கணவருக்கு அதைக் காட்டி, "எங்கப்பா சின்ன வயசுல கெடுத்து வச்சாரே, அது இதுதான்" என்று சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். நம் வீட்டு ஆள் மாப்பிள்ளை முன்னால் கேலிக்கு ஆளாவதா? இதை ஓட வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று உட்கார்ந்தேன்.

மோட்டாரில் பேட்டரி ஒயரைத் தொட்டதும் சுற்றியது. எதுவும் உடையவில்லை, எரியவில்லை. தண்டவாளத்து மின்சாரம் சக்கரத்தில் ஏறி, சக்கரத்தின் உட்புறத்தை உரசும் மெல்லிய செப்புத் தகடு வழியாக மோட்டாருக்குப் போக வேண்டும். அந்தத் தகட்டின் மேல் தேன் நிறத்தில் ஏதோ படிந்து மின்சாரத்தை மறித்திருந்தது. பிளேடால் சுரண்டினேன். தோல் தோலாக உரிந்தது. வார்னிஷ்.

வருடம் தவறாமல் அதற்கு வார்னிஷ் பூசுகிறவன் நான். பித்தளை கறுத்தால் குடும்பத்தின் முகமே கறுத்த மாதிரி எனக்கு. முதன்முதலில் பூசியது, என் கல்யாணம் பேச வருங்கால மாமனார் வீட்டார் வந்த அன்று காலையில். சந்து பொந்து விடாமல் பூசினேன். மாலையில் பன்னிரண்டு வயதுத் தம்பி, வந்தவர்களுக்கு ஓட்டிக் காட்டுகிறேன் என்று சுவிட்சைப் போட்டான். நகரவில்லை.

"நேத்து இவன்தான் நோண்டிக்கிட்டிருந்தான்" என்றேன் நான்.

அத்தனை பேர் முன்னால் அப்பா அவனை அறைந்தார்.

தின்னரில் துணியை நனைத்துச் சக்கரம் சக்கரமாகத் துடைக்க மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் மதியம், மேசையில் போட்ட தண்டவாளத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது. உரிந்ததைக் குப்பையில் கொட்டிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கொட்டவில்லை. ஒரு தட்டில் சேர்த்து வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன்.

அவன் எலக்ட்ரீஷியன். ஊரார் வீட்டு மின்விசிறியெல்லாம் பிரித்துப் பார்த்தவன், எங்கள் அலமாரியை மட்டும் தொட்டதில்லை. வந்ததும் தட்டிலிருந்து ஒரு தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இதைப் போன்லயே சொல்லியிருக்கலாமேண்ணே."

"நேர்ல சொல்லணும்னு தோணுச்சு."

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? நான் கெடுக்கலன்னு எனக்குத் தெரியாதா?" தோலைத் தட்டிலேயே வைத்தான். "அண்ணியக் கூப்பிடுங்க. அன்னிக்குப் பாத்துக்கிட்டிருந்தது அவங்க வீட்டு ஆளுங்கதானே."

கூப்பிட்டேன். மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"என்ன, பேரன் எடுக்குற வயசுல ரெண்டு பேருக்கும் பொம்மை விளையாட்டா?"

தம்பி சிரிக்கவில்லை. இன்ஜினைத் தண்டவாளத்தில் ஏற்றி, ஒரு விரலைச் சுவிட்சின் மேல் வைத்தான். அழுத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் தட்டை மனைவியின் பக்கம் நகர்த்திவிட்டு, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றேன்.