மாலேயிலிருந்து போர்ட் பிளேர் எவ்வளவு தூரம்?

வடக்கனந்தல் லட்சுமியம்மாளுக்கு, வரப்போகும் மருமகளைவிட அவள் வேலை பார்க்கும் ஊர்தான் முதலில் பிடித்துப்போனது. மகன் தனசேகரன் மாலத்தீவில், மாலேயில் ஓட்டல் சமையல்காரன். பெண் வளர்மதியோ அந்தமானில், போர்ட் பிளேர் விமான நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டரில் இருந்தாள். தரகர் கண்ணாயிரம் ஒரே போடாகப் போட்டார்:

“அதுவும் தீவு, இதுவும் தீவு. ஏரோப்ளேன்ல அரை அவருங்க. பெல்ட்ட மாட்டறதுக்குள்ள எறங்கச் சொல்லிடுவான்.”

லட்சுமியம்மாள் இதைக் கரும்பு வெட்ட வந்தவர்களிடம் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் சொன்னாள். சொல்லச் சொல்ல அரை மணி கால் மணியானது. மூங்கில்துறைப்பட்டில் பெண் வீட்டில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்ற நல்ல நேரம் வருவதற்குள் போட்ட பந்தியில் இருந்தவர்களிடம், “எம் மருமவ காலையில புருசனுக்கு சோறாக்கிட்டு வேலைக்குப் போயி, பொழுது சாய திரும்பிடுவா” என்று பெருமையடித்தாள்.

பக்கத்தில் நின்ற வளர்மதிக்குச் சிரிப்பு பீறிட்டது.

“யாரு அத்த சொன்னது? நேரா கோடு போட்டாலே ரெண்டாயிரத்து எரநூறு கிலோமீட்டருக்கு மேல. நேர் ஃப்ளைட் இருந்தா மூணு மணி நேரம் புடிக்கும். ஆனா அப்பிடி ஒண்ணு இல்லவே இல்லிங்க. சென்னை வந்து மாறணும். காத்துக்கினு கெடக்கறதையும் சேத்தா ஒரு நாளு பூடும்.”

பந்தி முழுக்கச் சிரித்தது. லட்சுமியம்மாளின் முகம் சுண்டிவிட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணாயிரத்தைத் தேடிப் போனாள். அவர் ரச அண்டாவுக்குப் பின்னால் குந்தியிருந்தார்.

“இன்னாய்யா, அரை அவரா?”

“மேப்புல ஒரு சாண்தாங்க இருந்துச்சு.”

தட்டு மாற்றாமலே கிளம்பிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அதற்குள் வளர்மதி தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள். “சிரிச்சிட்டேன், தப்பா நெனைக்காதீங்க அத்த.”

லட்சுமியம்மாள் பாதிச் சொம்பு குடித்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

“ஏம்மா, அவன் உன்னப் பாக்க வர்ணும்னா மெட்ராஸ் வந்துதான் போவணுமா?”

“ஆமாங்க.”

“நீ அவனப் பாக்கப் போனாலும்?”

“நானும்தான்.”

தனசேகரன் வெளிநாடு போனதிலிருந்து ஒரே ஒரு தடவைதான் வீட்டுக்கு வந்திருந்தான். அவள் விடுவிடுவென்று பந்திக்குத் திரும்பினாள். “நல்லா கேட்டுக்கோங்க! ரெண்டு தீவுக்கும் நடுவுல நம்ம வூடுதான் கீது. மெட்ராஸ் வரைக்கும் வந்தவங்க வூட்டுக்கு வராம போவாங்களா? தட்ட மாத்துங்க!”

கல்யாணம் முடிந்து அவரவர் தீவுக்குப் போனார்கள். அடுத்த லீவுக்கு இருவரும் சென்னையில் இறங்கிய அன்று, லட்சுமியம்மாள் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து தனசேகரனின் போன் வந்தது.

“எம்மா, நாங்க நேரா வெள்ளிமலைக்குப் போய்க்கினு கீறோம். ரெண்டு நாளு மலையில தங்கிட்டு வூட்டுக்கு வரோம்.”

அவள் போனை வைத்தாள். வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலைக்குப் போகும் பஸ் வடக்கனந்தல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி ஏறினாள். வாயில் தயாராக வைத்திருந்த வசவு வெளியே வரவில்லை. தனசேகரனும் வளர்மதியும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எழுப்ப மனசு வரவில்லை. இறங்கவும் மனசு வரவில்லை. இரண்டு சீட்டு தள்ளி உட்கார்ந்து, வாளியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“வெள்ளிமலைக்கு ஒண்ணு குடுப்பா,” என்றாள் கண்டக்டரிடம், மெல்லிய குரலில். “டிரைவராண்ட சொல்லு, வளைவுல மெதுவா ஒடிக்கச் சொல்லி. கொழம்பு சிந்திடும், புள்ளைங்களும் முழிச்சிக்கும்.”