கடைசிப் பத்து நிமிஷம்

கண்றாவி என்ற சொல்லை அக்கா ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லிவிடுவாள். அதில் பாதி தரையில் கிடப்பதைப் பார்த்து, மீதி திரையில் ஓடுவதைப் பார்த்து.

தியேட்டரில் பெருக்கித் துடைக்கிற மூன்று பெண்களில் மூத்தவள் அவள். மேனேஜர் அவளைவிடப் பத்து வயது பெரியவர், அவருக்கும் அவள் அக்காதான். படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே துடைப்பம், முறம், கறுப்புக் குப்பைப் பை சகிதம் பக்கவாட்டுக் கதவை ஒட்டி வந்து நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். அதனால் பதினோரு வருஷத்தில் அங்கே ஓடிய அத்தனை படத்துக்கும் கடைசிப் பத்து நிமிஷம் அவளுக்கு அத்துப்படி. படம் எப்படி ஆரம்பிக்கும் என்று கேட்டால் தெரியாது. கேட்கவும் வேண்டாம், அவளுக்கு அந்த ஆசையும் கிடையாது.

சிரிப்புப் படம் என்றாலே முகத்தைச் சுளிப்பாள். "கடைசியில எல்லாப் பயலும் ஒரே வீட்டுக்குள்ள ஓடுறான். ஒருத்தனை ஒருத்தன் அறையறான். குண்டா இருக்கிறவன் தண்ணித் தொட்டியில விழுறான். போன வாரமும் அதே தொட்டி, இந்த வாரமும் அதே தொட்டி! இதுக்கு வாயில இருக்கிறதைத் துப்பிக்கிட்டுச் சிரிக்குதுங்க. துப்பினதை எவ பொறுக்குறது?"

மாயாஜாலப் படங்கள் இன்னும் மோசம். பறக்கிற பாம்பைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள், பிள்ளைகள் சீட்டிலேயே கக்கிவைக்கும். "அன்னிக்கு ஒரு மரம் பேசுச்சுடி, அதுவும் மூக்கால. ராஜகுமாரி அழுதா அது பூத்து, செத்தவன் எல்லாம் எழுந்திருப்பானாம். அப்படின்னா முதல்லயே அழுது தொலைச்சிருக்கலாமே! எதுக்கு ரெண்டரை மணி நேரம்?" என்று நெட்டையிடம் கேட்டாள். நெட்டை என்பது கூட வேலை செய்கிறவள், வாசலில் குனிந்து வருகிற உயரம். அவளுக்கு அந்த மரம் பிடித்திருந்தது.

சூப்பர்ஹீரோ படம் வந்துவிட்டால் போதும், அக்காவுக்கு உச்சந்தலை வரை ஏறிவிடும். இறுக்கமான ரப்பர் சட்டையில் ஒருவன் வந்து ஊரையே இடித்துத் தள்ளுவான். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பான். பிறகு பறந்து போய்விடுவான். "அத்தனை செங்கலும் கண்ணாடியும் தெருவுல கிடக்கு. ஒரு துடைப்பத்தையாவது எடுத்தானா? எங்க வீட்டு ஆம்பளைங்க மாதிரியே இருக்கான்."

அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. படம் முடிந்ததும் திரையில் பெயர்கள் ஓட ஆரம்பிக்கும். பொடிப்பொடியாக, எறும்பு ஊர்கிற மாதிரி, பதினோரு நிமிஷம். சூப்பர்ஹீரோ படத்தில் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு துண்டுக் காட்சியை ஒட்டிவைப்பார்கள். அதற்காக ஒரு ஜனம் எழுந்திருக்காது. அடுத்த காட்சிக்கு நடுவில் இருப்பதே இருபத்தைந்து நிமிஷம். பதினோரு நிமிஷத்தை எறும்பு தின்றுவிட்டால் முந்நூறு சீட்டையும் மிச்ச நேரத்தில் எப்படிக் கூட்டுவது? ஒரு தடவை அவசரத்தில் கண்ணாடித் துண்டு நெட்டையின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அன்றைக்கே அக்கா ஒரு மனு எழுதினாள். "யாரும் படிக்காத பேரை ஓட்டி எங்க உயிரை வாங்காதீங்க" என்பதுதான் அதன் சாரம். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜர் யோசித்துப் பார்த்து, பெயர் வரும் இடத்தில் படத்தை வெட்டிவிட்டு விளக்கைப் போடச் சொல்லி ஆபரேட்டருக்கு உத்தரவு போட்டார். முதல் வாரம் ரசிகர்கள் விசில் அடித்துக் கத்தினார்கள், அப்புறம் அடங்கிவிட்டார்கள். இது நடந்து இரண்டு மாதம்.

அவளை உண்மையிலேயே அக்கா என்று கூப்பிட உரிமை உள்ளவன் ஒருவன்தான். அவளுடைய தம்பி. வேறு ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பறக்கிற கதாநாயகர்களைத் தொங்கவிட்ட கயிறுகளைப் படத்திலிருந்து அழிக்கிற வேலை. ஒரு நொடிக்கு இருபத்து நாலு படம், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும். எட்டு மாதம் ஒரே படத்துக்கு அழித்தான். வேலை முடிந்ததும் கம்பெனி அவனையும் சேர்த்துப் பதினைந்து பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அடுத்த வேலைக்கு எங்கே போய் நின்றாலும் முதல் கேள்வி, எந்தப் படத்தில் உன் பெயர் வந்திருக்கிறது என்பதுதான்.

"இதுல வருதுக்கா. முழுப் பேரும் எழுதி வாங்கிக்கிட்டுப் போனாங்க. வெள்ளிக்கிழமை ரிலீஸ். உன் தியேட்டர்லதான் பாக்கப்போறேன். பேர் வர்றதைப் போட்டோ எடுத்துக்கிட்டு திங்கக்கிழமை இன்டர்வியூவுக்குப் போகணும்" என்று போனில் சொன்னான்.

"ரப்பர் சட்டைக்காரன் படமா? கர்மம்" என்றாள் அக்கா. ஆனாலும் அன்று இரவு நெட்டையின் தங்கைக்குக்கூட போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்கு, பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, துடைப்பம் இல்லாமல் உள்ளே போனாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு மாதமாக முகம் வழிக்கவில்லை போலிருக்கிறது. சட்டை மட்டும் தேய்த்துப் போட்டிருந்தான்.

படம் ஆரம்பித்தது. கதாநாயகன் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது. தயாரிப்பாளர் பெயர் வந்தது. உடனே ஒரு பாலம் வெடித்தது. அக்கா முழங்கையால் இடித்தாள்.

"எங்கடா உன் பேரு?"

"இங்க எப்படிக்கா வரும்? கடைசியில வரும்."

"கடைசின்னா?"

"படம் முடிஞ்சதும் ஓடுமே, அதுல. நீதான் தினம் பாக்கிறியே."

அக்கா சட்டென்று திரும்பி மேலே ஆபரேட்டர் அறை ஜன்னலைப் பார்த்தாள். பெயர் வருகிறது என்றால் கதாநாயகன் பெயர் வருகிற இடத்தில், பெரிதாக, முதலில் வரும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தைப் பார்த்திருந்தால் அல்லவா தெரியும்?

அதற்கப்புறம் திரையில் நடந்தது எதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. வில்லனுக்கு நாலு தலை முளைத்தது. கதாநாயகி மலை உச்சியில் குதிகால் செருப்போடு ஓடினாள். கதாநாயகனுடைய தோழன் ஒருவன், சிரிப்பு மூட்ட வைத்திருக்கிறார்களாம், அரைமணிக்கு ஒருதரம் சேற்றில் விழுந்து எழுந்தான். பின்வரிசையில் ஒருவன் அதற்கெல்லாம் சிரித்துச் சிரித்து அவள் பிடரியில் பாப்கார்னைத் தூவினான். மற்ற நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

நாயகன் பறந்த போதெல்லாம் தம்பி மட்டும் முன்னால் சாய்ந்தான். "இங்க அஞ்சு கயிறுக்கா. தோள்ல ரெண்டு, இடுப்புல ரெண்டு, கணுக்கால்ல ஒண்ணு. கணுக்கால் கயிறுதான் என் பிராணனை வாங்கிடுச்சு" என்று கிசுகிசுத்தான். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

இடைவேளை மணி அடித்ததும் படியேறி ஆபரேட்டர் அறைக்கு ஓடினாள்.

"அண்ணே, இந்த ஒரு காட்சிக்குப் பேரை ஓட விடுங்க. என் தம்பி பேரு இருக்கு."

ஆபரேட்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நீ எழுதின மனுவைத்தானே இந்தக் கதவுல ஒட்டி வெச்சிருக்கு? மேனேஜர் பின் வரிசையில உக்காந்து பாத்துக்கிட்டிருக்காரு. என் வேலைக்கு உலை வைக்காதே." அவள் நகராமல் நிற்பதைப் பார்த்து மனம் இளகினார். "சரி, ஜனம் எல்லாம் வெளியே போகட்டும். காலி ஹால்ல ஓட்டுறேன். உங்க நேரம்தான் போகும், நெட்டைகிட்டச் சொல்லிடு."

வில்லன் செத்தான். நாயகன் இடிந்த கோபுரத்தின் மேல் மிதந்து, எங்கேயோ பார்த்துவிட்டுப் போனான். தம்பி போனைத் தூக்கிப் பிடித்தான். திரை பளிச்சென்று வெள்ளையானது, விளக்கு எரிந்தது, கூட்டம் எழுந்தது.

"டேய்! பேரைப் போடுங்கடா!" என்று கத்தினான் தம்பி. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்த மடச்சாம்பிராணிக்கா இதை நிறுத்தினது? மனுஷன் கண்ணு பூத்துப்போற அளவுக்கு வேலை பாத்திருக்கான். பதினோரு நிமிஷம் பொறுக்க முடியாதா இவனுங்களுக்கு?"

"நான்தான்டா" என்றாள் அக்கா.

அவனுக்குப் புரியவில்லை. மனுவைப் பற்றி, நெட்டையின் கையைப் பற்றி, எல்லாவற்றையும் அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். "எனக்குத் தெரியாதுடா. அதுல உன் பேரும் ஓடும்னு எனக்கு எப்படித் தெரியும்? செருப்பாலதான் என்னை அடிக்கணும்."

அவன் திட்டவில்லை. ஒரு மாதிரி மூச்சு விட்டான், அவ்வளவுதான். போனைச் சட்டைப் பையில் போட்டான். "சரி விடு. தியேட்டர்ல வெட்டிட்டாங்கன்னு சொல்லிக்கிறேன். வா, வெளியே போகலாம்."

"எங்க போற? உட்காரு. ஆபரேட்டர் அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கேன். இப்ப ஓட்டுவாரு."

"வேணாம்க்கா."

"என் மேல கோவமா?"

"அய்யோ, கோவம் எல்லாம் இல்ல. வேணாம். விட்டுடேன்."

அக்கா அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். சின்ன வயதில் சாப்பிடமாட்டேன் என்று ஓடினால் இப்படித்தான் அழுத்துவாள். மேலே பார்த்துக் கையசைத்தாள். விளக்கு பாதியாக மங்கியது.

பெயர்கள் ஓடின. நெட்டையும் மற்றவளும் குப்பைப் பையைப் போட்டுவிட்டு நடைபாதையிலேயே நின்று பார்த்தார்கள். பதினோரு வருஷமாக எறும்பு என்று நினைத்ததை அக்கா முதல்முறையாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். கதாநாயகனுக்குத் தலை வாரியவர். கதாநாயகனுக்குக் குடை பிடித்தவர். அவருக்கு உதவியாளர். குதிரையைக் குளிப்பாட்டியவர். சாப்பாட்டு வண்டி ஓட்டியவர்கள் ஏழு பேர். ஒருவர் பெயரையும் அவர்கள் விடவில்லை.

"இப்ப வரும்" என்றான் தம்பி.

அவன் கம்பெனியின் பெயர் வந்தது. அதற்குக் கீழே முதலாளியின் பெயர், முதலாளியின் மனைவி பெயர், மேற்பார்வையாளர் இரண்டு பேர். அதற்கும் கீழே 'மற்றும் குழுவினர்' என்று ஒரு வரி. அதுவும் மேலே ஏறி மறைந்துவிட்டது.

"இன்னும் இருக்குடா, பாரு, இன்னும் ஓடுது" என்றாள் அக்கா. அவள்தான் விடாமல் பார்த்தாள். படப்பிடிப்பு நடந்தபோது பிறந்த குழந்தைகள் என்று ஒரு பட்டியல் வந்தது, பதினாலு குழந்தைகள், செல்லப் பெயர் உட்பட. அதற்கப்புறம் அந்தத் துண்டுக் காட்சி. கதாநாயகன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பழம் தின்றான். தோலைத் தூக்கித் தரையில் எறிந்தான்.

"தூ! பால்குடி மறக்காததுங்க பேரைப் போடத் தெரியுது, எட்டு மாசம் உக்காந்தவன் பேரைப் போட வலிக்குதா? குடை பிடிச்சவனுக்கு இருக்கிற மரியாதை என் தம்பிக்குக் கிடையாதா? நீங்க எல்லாம் உருப்படுவீங்களாடா?" காலி ஹாலில் அவள் குரல் எதிரொலித்தது. நெட்டை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி எழுந்து பையை மாட்டிக்கொண்டான். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

"கம்பெனியில ஒருத்தன் போன வாரமே சொன்னான், நம்ம பேரெல்லாம் போடலைன்னு. நான் நம்பலை. நீ வெட்டினதாவே இருந்திருக்கலாம்க்கா. அடுத்தவன் வெட்டிட்டான்னு திங்கக்கிழமை வரைக்குமாவது நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

அவள் பேச வாயெடுப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். மிச்சம் இருந்தது எட்டு நிமிஷம். மூன்று பேரும் பேய் பிடித்த மாதிரி கூட்டினார்கள். தம்பியின் சீட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை, டிக்கெட்டைக்கூட அவன் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

சாயங்காலக் காட்சியின் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு அக்கா துடைப்பத்தோடு கதவை ஒட்டி வந்து நின்றாள். நாலு தலைக்காரன் செத்து விழுந்தான். கதாநாயகன் கோபுரத்தின் மேல் மிதந்து வந்தான். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டடி முன்னால் போனாள். அவன் தோளைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், கணுக்காலைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். கயிறு எங்கேயும் இல்லை. ஒரு இழை, ஒரு நிழல், ஒரு கறை எதுவும் இல்லை.

"பாவிப்பய, என்ன சுத்தமா துடைச்சிருக்கான் பாருடி" என்று நெட்டையின் பக்கம் திரும்பினாள். நெட்டை நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆபரேட்டர் படத்தை வெட்டி விளக்கைப் போட்டுவிட்டார்.