கருமேகத்துக்கு விழுந்த துண்டுகள்

பங்கிராஸ் கெட்டவன் என்பதை ஊருக்கே காட்ட ஞானசெல்வி டீச்சருக்கு ஓர் ஆங்கில நாவல் கிடைத்தது. விக்டோரியா மகாராணி காலத்துச் சரக்கு. அட்டை பிய்ந்தும் தலையணை கனம். அதைக் கல்லூரியில் நடத்தி நடத்தியே ஓய்வு பெற்றவள் அவள். கதையில் ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் வருகிற பக்கமெல்லாம் வெயில் அடிக்கும். தம்பி வருகிற பக்கமெல்லாம் மேகம் கறுத்து இடி இடிக்கும். வெயில் நன்மைக்கு அடையாளம், மேகம் தீமைக்கு அடையாளம் என்று போர்டில் எழுதியே அவள் கரைத்த சாக்பீஸைக் குவித்தால் இன்னொரு மேற்கு மலை எழும்பும்.

பங்கிராஸ் அவளுக்குக் கொழுந்தன் முறை. மின்சாரக் கம்பத்தில் ஏறி ஏறி ஓய்வு பெற்றவன், அடுத்த வீடு. அவன் வீட்டுச் சாக்கடை அவள் வாசலுக்கு வரும். அவள் வீட்டு வேப்பஞ்சருகு அவன் மாடிக்குப் போகும். இதெல்லாம் சில்லறைப் பகை. பெரிய பகை கொடியால் வந்தது.

பொட்டிப்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாதா கோயில் திருவிழா நாடகத்தில் சனம் யாருக்கு அதிகமாகத் துண்டு போர்த்துகிறதோ, அடுத்த வருடம் திருவிழாக் கொடி அவர் வீட்டிலிருந்துதான் கோயிலுக்குப் போகும். எப்போதும் நல்லவன் வேடம் கட்டியவருக்குத்தான் துண்டு விழும். பங்கிராஸ் வீட்டிலிருந்து கொடி பல முறை போய்விட்டது. ஞானசெல்வி வீட்டுப் படியை அது மிதித்ததே இல்லை. கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை போக வேண்டும் என்று அவள் வேண்டாத புனிதர் இல்லை.

இந்த வருடம் நாடகம் எழுதும் பொறுப்பு அவளுக்கு வந்தது. நாவலைத் தமிழாக்கினாள். நல்ல அண்ணன் வேடத்தைத் தன் மகன் அருண் ஜோசப்புக்குக் கொடுத்தாள்.

"கெட்டவன் வேசமா மதினி எனக்கு?" என்று பங்கிராஸ் வந்து நின்றான்.

"உனக்குன்னா ஒத்திகை தேவப்படாது பாரு."

"ஃபாதர் சொல்லிட்டாக, மறுக்க முடியல. இல்லைன்னா உங்க வசனத்த எவன் பேசுவான்?"

அவனை விட்டால் ஊரில் வேறு தொண்டையும் இல்லை. அவன் தும்மினால் வைகை அணையின் மதகு அதிரும்.

நாவலில் எங்கெங்கே தீமை கிடந்ததோ அத்தனையையும் பொறுக்கி வந்து அவள் பங்கிராஸின் தலையில் கட்டினாள். கறுப்புக் கோட்டு, தோளில் பஞ்சுக் காகம், முதுகுக்குப் பின்னால் லாரித் தார்ப்பாய் அளவுக்கு வரைந்த கருமேகம். இடி முழக்க ஒரு பெரிய தகரம். அதை ஆட்டும் வேலையை மட்டும் யாரையும் நம்பிக் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டாள். மகனுக்கோ வெள்ளைக் கோட்டும், கண்ணாடிச் சில்லு பதித்த சூரியத் தட்டும்.

நாடகம் மாலை நான்கு மணிக்குத் தொடங்கியது. சித்திரை வெயில் சனத்தின் முகத்தில் நேராக அடித்தது. அருண் ஜோசப் தட்டை உயர்த்திப் பேசினான்: "மக்களே, என் வெயில் உங்கள் வயல்களில் விழட்டும். ஒரு மேகமும் உங்களை அண்டாது."

கைதட்டல் இல்லை. கண்ணாடி வெளிச்சம் பட்டு முன்வரிசை முகத்தைச் சுளித்தது. மூன்று வருடமாக மழை ஏமாற்றிய ஊர் அது.

"போர்வெல்லுக்குள்ள வரைக்கும் விழுந்துருச்சு, இன்னும் எங்கன விழணுமாம்?" என்றார் ஒருவர்.

அடுத்து பங்கிராஸ் வந்தான். டீச்சர் தகரத்தை உலுக்கினாள். அவள் எழுதிய வசனத்தை அவன் முழங்கினான்: "கருமேகங்களை ஏவுவேன். ஏழு நாளும் இடி ஓயாது. உங்கள் கிணறுகள் வாய் வரை நிரம்பித் தளும்பும்."

கூட்டத்தில் குலவை கேட்டது. திருவிழாவுக்கு வருடம் தவறாமல் வருகிற கஸ்தூரியம்மாள்தான். கடலை விதைத்து, அது காய்வதையே பார்த்துக்கொண்டிருக்கும் சம்சாரி. நேராக மேடையேறி ஒரு துண்டைப் பங்கிராஸுக்குப் போர்த்திக் கும்பிட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை.

பங்கிராஸுக்கு மூளை மெதுவாகத்தான் ஓடும் என்று டீச்சர் நம்பியிருந்தாள். அது அன்று பறந்தது. "கம்மாய் மறுகால் பாயும். ரோட்டுல அயிர மீனு துள்ளும்" என்று எழுதாத வசனமெல்லாம் அவன் விட, துண்டுகள் கழுத்தை மூடி, காகத்தை மூடி, காது வரை ஏறின.

டீச்சர் மைக்கைப் பிடுங்கினாள். "இவன் கெட்டவன். கூடப்பிறந்தவனுக்குப் பால்ல விஷம் வச்சவன்."

"இருந்துட்டுப் போகட்டும் டீச்சரம்மா" என்றாள் கஸ்தூரியம்மாள். "நீங்க குறுக்க நிக்காம இடிய ஆட்டுங்க."

மிச்சமிருந்தது கடைசி அத்தியாயம். அதில் மின்னல் தாக்கித் தம்பி சாவான். செத்தவனுக்கு யார் துண்டு போர்த்துவார்கள்? டீச்சர் பேய் பிடித்தவள்போல் தகரத்தை உலுக்கினாள்.

"விழு பங்கிராசு."

"எதுக்கு?"

"மின்னல் அடிச்சு நீ செத்துட்ட."

"கரண்டுலயே சாகாதவன் மதினி நான். உங்க தகரத்துக்கா சாவேன்?"

அவள் உலுக்க உலுக்கக் குலவை கூடியது. குலவை கூடக் கூடத் துண்டு விழுந்தது. உலுக்காவிட்டால் அவன் சாகப் போவதில்லை. உலுக்கினாலும் சாகவில்லை. கை மரத்த பிறகுதான் நிறுத்தினாள். அருண் ஜோசப்புக்கு வந்தது ஒரே துண்டு. அதுவும் வேர்வை துடைக்க மனைவி பெனிஷா நீட்டியது.

"ஃபாதர், தீமைக்கா கொடியக் குடுப்பீக?" என்று டீச்சர் சாமியாரிடம் போய் நின்றாள்.

"வழக்கம் துண்டுக்குத்தான் டீச்சர், வேசத்துக்கு இல்ல" என்றார் அவர்.

அன்று இரவும் மறுநாளும் ஒரு சொட்டு விழவில்லை. ஆனாலும் பங்கிராஸ் தெருவில் வந்தால் சனம் எழுந்து வழிவிட்டது. அவன் அவள் கேட்டருகே நின்று இளித்தான்.

"அடுத்த வருசமும் இந்த வேசம் எனக்கே வேணும் மதினி."

"எழுதுற பொறுப்பு மூணு வருசத்துக்கு என்கிட்டதான் இருக்கு. அடுத்த வருசம் நீ நல்லவன்."

அவன் இளிப்பு சுருங்கியது.

"அதுக்கடுத்த வருசமும் நல்லவன்தான். மொதல் காட்சியில இருந்து கடைசி வரைக்கும் வெயில்தான் உனக்கு."

"மதினி, அப்படி என்ன பாவம் பண்ணிட்டேன் நான்?"

அவள் கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டாள்.